அளவையும் அளவும்

சர்க்கரை பார்க்கும் கையடக்கக் கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. விரல் நுனியைக் குத்தி, வரும் துளி ரத்தத்தைப் பட்டையின் ஓரத்தில் தொட்டால், அது தானே உள்ளே ஏறிக்கொள்கிறது. அங்கே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற ஒரு நொதி காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிப் பக்கத்திலுள்ள ஒரு தரகு மூலக்கூறிடம் ஒப்படைக்கிறது; தரகு மூலக்கூறு அவற்றைக் கொண்டுபோய் மின்வாயில் சேர்க்கிறது. சில விநாடிகளில் திரையில் 140 என்று வருகிறது. ஆனால் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சிறு மின்னோட்டம் மட்டும்தான். சர்க்கரை என்ற பெயரும், 140 கொஞ்சம் அதிகம் என்ற கவலையும் நாம் சேர்த்தவை. நரம்பு வழியாக ஏராளமான வைட்டமின் சி ஏற்றப்பட்டவரின் ரத்தத்தை அதே பட்டையில் வைத்துப் பார்த்தால், சில வகைக் கருவிகள் சர்க்கரையை உள்ளதற்கு மேலாகக் காட்டிவிடும். வைட்டமின் சியும் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது. கொடுத்தது யார் என்று மின்வாய் விசாரிப்பதில்லை.

இப்படி எலக்ட்ரானைக் கொடுத்து மற்றப் பொருள்களின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவற்றைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, யூரிக் அமிலம், குளுட்டாதயோன், தேயிலையின் பாலிஃபீனால்கள் எல்லாம் இந்தக் குடும்பம். உடலில் இவை எவ்வளவு இருக்கின்றன என்று மின்வேதியியல் முறையில் கண்டறியும் உணரிகள் பல ஆய்வகங்களில் உருவாகிவருகின்றன. வேதியியலாளருக்கு இது தொழில்நுட்பச் சிக்கல். எனக்கு இதில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று தெரிகிறது. நன்மையை அளக்க முடியுமா? ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல் நம் காதில் விழும்போதே நல்லது என்ற பொருளோடுதான் விழுகிறது. ஆகவே அதன் அளவைக் காட்டும் கருவி, நம்முள் எவ்வளவு நன்மை இருக்கிறது என்பதையே காட்டுவதாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் பிழையானது என்பதும், கருவி எவ்வளவு நுட்பமானாலும் இந்தப் பிழை தீராது என்பதும் என் வாதம்.

இதைப் பேசத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: அளவை. வடமொழியில் பிரமாணம் என்பதைத் தமிழ் நூல்கள் இந்தச் சொல்லால் குறித்தன. நெல்லை மரக்கால் அளப்பதுபோல அறிவை அளந்து தருவது அளவை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்டுவரும் மணிமேகலை முதலில் சந்திப்பவர் அளவைவாதி. அவர் பத்து அளவைகளை அடுக்குகிறார். இரண்டு காதை தள்ளி அறவண அடிகள் சொல்லும் பௌத்தத் தருக்கம், காட்சியும் கருத்தளவும் போதும் என்று இரண்டிலேயே நின்றுவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையிலிருந்துதான் தொடங்குகிறார். பத்தும் கடைசியில் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது அவர் முடிவு. உயிரையும் இறைவனையும் பற்றிப் பேச எழுந்த இந்த ஏற்பாட்டை ஆய்வகத்துக்குள் இழுத்துவரலாமா என்று கேட்கலாம். தாராளமாக வரலாம். சமயங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட காலத்தில், நம்பிக்கை வேறானவர்களும் ஒரே மேடையில் நின்று வாதாட வேண்டியிருந்தது. அதற்கான பொது விதிகளாகத்தான் அளவை வளர்ந்தது. ஒரு முடிவுக்கு எந்த வழியாக வந்தாய் என்று கேட்பது அதன் வேலை. அந்தக் கேள்வியைச் சித்தாந்தியிடம் கேட்டது போலவே வேதியியலாளரிடமும் கேட்கலாம்.

முதலில் காட்சி. குற்றமற்ற காட்சிக்கு ஐயமும் திரிவும் ஆகாது என்பார்கள். இருட்டில் நிற்பது குற்றியா மகனா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பாகவே கண்டுவிடுவது திரிவு. மின்வாயின் வரலாறு முழுக்க இந்த இரண்டோடும் போராடிய வரலாறுதான். கார்பன் மின்வாய் ஒன்றைக் கரைசலில் வைத்து மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், எந்தப் பொருள் எலக்ட்ரானை விடத் தொடங்குகிறதோ அந்த அழுத்தத்தில் திரையில் கோடு மேலெழுந்து ஒரு மேடு காட்டும். மேடு இருக்கும் இடம் பொருளின் அடையாளம். உயரம் அதன் அளவு. கேட்க எளிது. ரத்தத்தில் கதை வேறு. வைட்டமின் சியும் யூரிக் அமிலமும் சாதாரண மின்வாயில் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் எலக்ட்ரானை விடுகின்றன. இரண்டு மேடுகளும் ஒன்றாகி ஒரே அகன்ற திட்டாகத் தெரிகின்றன. இது ஐயக்காட்சி. திரிவுக்கு இன்னும் நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸும் அவர் குழுவினரும் எலியின் மூளைக்குள் நுண்ணிய கார்பன் மின்வாயைச் செலுத்தி 1973இல் முடிவை வெளியிட்டார்கள். டோபமின் போன்ற நரம்புத் தூதுப் பொருள்களை உயிருள்ள மூளையிலேயே பார்த்துவிடலாம் என்பது நம்பிக்கை. திரையில் மேடு வந்தது. அதில் பெரும்பகுதி வைட்டமின் சி என்பது பிறகு தெளிவானது. மூளையில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் அது டோபமினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். எதிர் மின்சுமை கொண்ட நஃபியான் படலத்தை மின்வாயின்மேல் பூசி, அதே மின்சுமையுள்ள வைட்டமின் சியை விலக்கி வைத்த பிறகுதான் பாம்பு போய்க் கயிறு தெரிந்தது.

இந்த இடத்தில் நொதியைத் துணைக்கொள்ளும் உயிரி உணரி செய்யும் தந்திரம் அழகானது. ரத்தத்தில் அந்த அகன்ற திட்டு தெரிகிறது. அதில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். அது வைட்டமின் சியை மட்டும் தேடி அழிக்கும்; மற்ற எதையும் தொடாது. மறுபடி அளந்தால் திட்டு குறைந்திருக்கும். குறைந்த பங்குதான் வைட்டமின் சி. யூரிக் அமிலத்துக்கு யூரிகேஸ் நொதியை வைத்து இதையே செய்யலாம். இருப்பதை, அது இல்லாமல் போனதைக் கொண்டு அறிகிறோம். இன்மையால் பெறும் அறிவை அபாவம் என்று அளவை நூலார் தனியே பெயரிட்டுப் பேசினார்கள். பானை இல்லாத தரையைப் பார்த்துப் பானை இல்லை என்று அறிவது அவர்கள் சொல்லும் உதாரணம். அதைத் தனி அளவையாகக் கொள்வதா, காட்சிக்குள் அடக்குவதா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. நொதி மின்வாயைப் பார்த்திருந்தால் இரு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக ஐயத்தையும் திரிவையும் தொழில்நுட்பம் தீர்க்கிறது. இன்னும் நன்றாகத் தீர்க்கும். நல்ல உணரி ஒன்று, இது வைட்டமின் சி, இவ்வளவு, என்று துல்லியமாகச் சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். சித்தாந்த நூல்கள் காட்சியை இரண்டு படியாகப் பிரிக்கும். ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தோன்றுவது முதல் படி. பெயர், இனம், குணம், தொழில், பொருள் என்று பிரித்தறிவது இரண்டாம் படி. மின்னோட்டம் முதல் படி. நொதியும் அளவுத்திருத்தமும் சேர்ந்தால் இரண்டாம் படி. நல்லது என்பது இந்த இரண்டில் எங்கே வருகிறது? எலக்ட்ரானைக் கொடுப்பது அந்த மூலக்கூறின் தொழில் என்று ஒப்புக்கொள்கிறேன், அது வேதியியல். கொடுப்பதால் எனக்கு நன்மை என்பது மூலக்கூறுக்குள் இல்லை. எங்கே, எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதில் இருக்கிறது.

யூரிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பாலூட்டிகள் பெரும்பாலானவற்றில் யூரிகேஸ் இதைச் சிதைத்துவிடுகிறது. மனிதனும் அவனுக்கு நெருங்கிய குரங்கினங்களும் அந்த நொதியை இழந்துவிட்டன. அதனால் நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் நிறைய. 1981இல் புரூஸ் ஏம்ஸும் சக ஆய்வாளர்களும் இதை ஒரு பாதுகாப்பாகப் பார்த்தார்கள்: நாம் இழந்த வைட்டமின் சி தயாரிக்கும் திறனுக்கு ஈடாக யூரிக் அமிலம் ஆன்டிஆக்சிடன்டாக வேலை செய்கிறது என்பது அவர்கள் கருதுகோள். ரத்த நீரின் மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் சில சோதனைகளில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. ஆனால் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் இது கரைந்திருக்க முடியாமல் ஊசி போன்ற படிகமாகத் தொடங்கும். அந்தப் படிகம் கால் பெருவிரல் மூட்டில் இறங்கினால் அதுதான் கவுட். போர்வை பட்டாலே அலறவைக்கும் வலி. அந்த ராத்திரியில் நோயாளியின் ரத்தத்தை எடுத்து மின்வாயில் வைத்தால், ஆன்டிஆக்சிடன்ட் திறன் அமோகம் என்று கருவி சொல்லக்கூடும். இன்ப துன்பங்களை உயிர் தானே உணர்வதைத் தன்வேதனைக் காட்சி என்று தனி வகையாகச் சித்தியார் வைத்ததன் அருமை இங்கே புரிகிறது. உணரி என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே தவிர, உணர்வது அதன் வேலையில் சேராது. ஐம்பொறிகளும் தாமாக அறியா, உயிர் அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகிறது என்பது சித்தாந்தம். பட்டையில் ஒட்டிய நொதிக்கு இது கண் காதுகளைவிடக் கச்சிதமாகப் பொருந்தும்.

அப்படியானால் நல்லது என்ற முடிவு எங்கிருந்து வந்தது? கருதலிலிருந்து. 1956இல் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்குக் காரணம் உடலில் உண்டாகும் கட்டற்ற மூலக்கூறுத் துகள்கள், அதாவது ஃப்ரீ ரேடிக்கல்கள், என்ற கோட்பாட்டை முன்வைத்தார். லேலண்ட் கிளார்க் தன் ஆக்சிஜன் மின்வாயை வெளியிட்டதும் அதே 1956இல்தான். ஆறு ஆண்டு கழித்து அதன்மேல் நொதியை ஏற்றி உயிரி உணரிக்கு வழி திறந்தவரும் அவரே. ஆக்சிஜன் குற்றவாளிக் கூண்டில் ஏறிய ஆண்டே அதை அளக்கும் கருவியும் வந்தது தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல். ஹார்மனின் கோட்பாடு மக்களிடம் வந்து சேர்ந்தபோது புராணமாகிவிட்டது. ஃப்ரீ ரேடிக்கல் அசுரன், ஆன்டிஆக்சிடன்ட் தேவன். புராணத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கே இது உறுத்த வேண்டும். பாற்கடலைக் கடைய அசுரர்களும் ஒரு பக்கம் பிடிக்கவேண்டியிருந்தது. உடலில் நுழையும் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் சூப்பர்ஆக்சைடைக் காய்ச்சி ஊற்றித்தான் அதைக் கொல்கின்றன. பிறவியிலேயே அந்தக் காய்ச்சும் உலை பழுதான குழந்தைகள் உண்டு. அவர்களைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் மாறி மாறித் தாக்கும். ஆக்சிஜனேற்றம் குறைந்த அந்த உடல் பாக்கியம் பெற்ற உடல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கருதலுக்கு விதி உண்டு. புகை இருந்தால் நெருப்பு உண்டு என்று சொல்லலாம். நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொல்லக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை வரும். இந்த மறைந்திருக்கும் நிபந்தனையைத் தருக்க நூல்கள் உபாதி என்றன. காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட்டு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. இது உண்மையான காட்சி. அதிலிருந்து, பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்து ரத்தத்தில் ஏற்றினால் புற்றுநோய் குறையும் என்று கருதினார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான 29,133 ஆண்கள், அனைவரும் புகைப்பவர்கள், இந்தக் கருதலைச் சோதிக்க முன்வந்தார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களின் ரத்தத்தில் அது நன்றாகவே ஏறியது. எந்தக் கருவியும் கைதட்டியிருக்கும். 1994இல் முடிவு வந்தபோது அவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதேபோன்ற ஆய்வை 1996இல் முன்கூட்டியே நிறுத்தவேண்டி வந்தது. அங்கே 28 சதவீதம் கூடுதல். கீரையும் பழமும் சாப்பிடுவதில், சாப்பிடுபவரின் வாழ்க்கையில், ஏதோ ஈர விறகு இருந்திருக்கிறது. மாத்திரையில் வந்தது இரும்புக் குண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சர்க்கரைக் கருவியும் வெறும் மின்னோட்டத்தைத்தானே பார்க்கிறது? அதை நம்பி லட்சக்கணக்கானோர் இன்சுலின் போட்டு உயிர் வாழ்கிறார்களே, அங்கே மட்டும் அளவிலிருந்து நன்மைக்குப் போகலாமா? போகலாம். ஏனென்றால் அங்கே கருதலைச் சோதித்திருக்கிறார்கள். முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைக் கொண்டு நடத்தி 1993இல் வெளியான ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று காட்டியது. எண்ணைக் குறைத்தார்கள், மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையைத் தாண்டி வந்த எண் என்பதால் 140க்கு மதிப்பு. அங்கேகூட ஆசை அளவு மீறியபோது அடி விழுந்தது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 10,251 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியது. 2008இல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். ஆகவே சர்க்கரைக் கருவி என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி சொல்லவில்லை. கருவி தரும் எண் எப்போது நன்மையைப் பற்றிப் பேசும் உரிமை பெறுகிறது என்பதற்கு அது முன்மாதிரி. ஆன்டிஆக்சிடன்ட் எண்கள் பெரும்பாலும் அந்தத் தேர்வை எழுதவில்லை. எழுதிய சில தோற்றன.

இன்னொரு மறுப்பு எதிர்காலத்தைக் காட்டும். இன்று ரத்தத்தை மட்டும் பார்க்கிறோம். நாளை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நொடிக்கு நொடி பார்க்கும் உணரி வரும். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை கிடைத்துவிடும், அப்போது நன்மையும் அளவுக்குள் வந்துவிடாதா? இதில் பாதி நியாயம். இடமும் காலமும் தெரியவரும்போது நம் கருதல்கள் மிகவும் மேம்படும். அந்த உணரிகள் வரட்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் யாருக்கு நல்லது, எதற்காக நல்லது என்பது மிச்சமிருக்கும். 2009இல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவும் குழுவினரும் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு நாளும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அல்லவா, அந்தப் பலன் மாத்திரை எடுத்தவர்களிடம் தடைபட்டது. பயிற்சியின்போது உண்டாகும் ஆக்சிஜனேற்றமே உடலுக்குப் பாடம் நடத்துகிறது என்பது அவர்கள் விளக்கம். எந்த நுண்ணிய உணரியும் அந்த நிமிடத்தில் செல்லுக்குள் பார்த்திருந்தால் சேதம் என்றுதான் எழுதியிருக்கும். அது சேதமா பயிற்சியா என்பது அந்த நிமிடத்தில் இல்லை. அதற்குப் பிறகு அந்த உடல் எப்படி வாழ்ந்தது என்பதில் இருக்கிறது.

மூன்றாவதாக, ஒரு மறுப்பு என்று சொல்ல முடியாது, உற்சாகமான ஆமோதிப்பு ஒன்று வரும். வாதம், பித்தம், கபம் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள், விஞ்ஞானம் இப்போதுதான் அங்கே வந்து சேர்கிறது, பார்த்தீர்களா என்பார்கள். இந்த ஆமோதிப்பு எனக்கு வேண்டாம். சமநிலை என்று பொதுவாகச் சொல்வது எளிது. எந்தப் பொருள், எந்த அளவில், எந்த எல்லைக்குள் என்று சொல்லிப் பரிசோதனைக்கு நிற்பது கடினம். மின்வாய் அந்தக் கடினமான வேலையைச் செய்கிறது. தவறினால் தவறு என்று பிடிபடவும் செய்கிறது. நாடி பார்த்துச் சொல்லப்படும் சமநிலையும் அதே அளவைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். உரை என்பதையும் ஓர் அளவையாக வைத்த சித்தாந்திகள்கூட ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், யார் என்ற கேள்வியைத் தாண்டாமல் அதை ஏற்கவில்லை.

ஆக்சிஜனின் இரு முகத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ஆய்வாளராகவும் பாதிரியாராகவும் இருந்தார். 1774இல் அந்தக் காற்றைப் பிரித்தெடுத்த ஜோசஃப் பிரீஸ்ட்லி, அதில் மெழுகுவத்தி வேகமாக எரிந்து தீர்வதைப் பார்த்துவிட்டு, தூய காற்றில் நாமும் அப்படி வேகமாக வாழ்ந்து தீர்ந்துவிடக்கூடும் என்று ஐயப்பட்டார். நோயாளிக்கு மருந்தாகலாம், நலமாக இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எழுதினார். அவரிடம் மின்வாய் இல்லை. ஒரு பொருளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியிலும், யாருக்கு என்று கேட்க அவருக்குத் தோன்றியது.

உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை ஓராக் என்ற எண்ணால் வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. சோதனைக் குழாயில் பிசகில்லாமல் அளந்த எண்கள். 2012இல் அந்தப் பட்டியலை அது தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடலில் அந்த உணவு செய்யும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது.